மாடசாமியின் போனுக்குப் போன செய்தி

வங்கிகள் இணைந்த பிறகு வேலைக்கு வந்த பிள்ளைகள் நீங்கள். எங்கள் பழைய வங்கியின் பெயரைச் சொன்னால், "அப்படி ஒண்ணு இருந்துச்சா மேடம்?" என்று கேட்கிறீர்கள். கேட்டுவிட்டுப் போங்கள், அதற்கெல்லாம் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வந்தது வேறொன்றுக்கு. போன மாதம் பென்ஷன் வேலையாகக் கோவில்பட்டிக் கிளைக்கு வந்திருந்தேன். உங்களில் ஒருவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார்: "போன் நம்பர் இல்லேன்னா என்ன, வீட்டுல யாரோட நம்பரையாவது போட்டு முடிச்சு விடு." எனக்குப் பகீரென்றது. அங்கேயே பிடித்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வரிசையில் ஆட்கள் நின்றதால் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று விழுங்கியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வங்கிகளை ஏன் இணைத்தார்கள் என்று பயிற்சி வகுப்பில் உங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். பெரிய நகரங்களில் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன் திரும்பி வரவில்லை, மூலதனம் கரைந்தது. ஒரே தெருவில் இரண்டு அரசு வங்கிகள் எதிரெதிரே போர்டு மாட்டிக்கொண்டு, இரண்டு வாடகை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எல்லாம் உண்மைதான். இணைக்காமல் விட்டிருந்தால் எங்கள் சம்பளமே ஆட்டம் கண்டிருக்கும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கரிசல் காட்டில் உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் ஆட்டுக்கும் கடன் வாங்கினவர்களால் அந்த வங்கி சாயவில்லை. எங்கோ, யாரோ சாய்த்தார்கள். நிமிர்த்துகிற வேலையில் ஒரு பங்கு இந்த ஊர்ப் பெண்கள் தலையில் விழுந்தது. அதை எந்தப் படத்திலும் போடமாட்டார்கள்.

அப்போது நான் கழுகுமலை போகிற சாலையை ஒட்டிய ஒரு சின்னக் கிளைக்கு மேனேஜர். ஊர்ப் பெயர் வேண்டாம். இத்தனை வருஷம் வாயைக் கட்டிப் பழகிய உத்தியோகம், ஓய்வு பெற்ற பிறகும் விடமாட்டேன் என்கிறது. நானும் ஒரு கேஷியரும் ஒரு கிளார்க்கும்தான். ஆடு வளர்க்கிற குடும்பங்கள் பாதி, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற குடும்பங்கள் பாதி. பல வீடுகளில் ஆண்கள் ஆட்டோடு போவார்கள், பெண்கள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவார்கள்.

அந்தக் கிளையில் ஒரு வழக்கம் இருந்தது. நான் போவதற்கு முன்பே இருந்தது. கணக்கு வைத்திருந்த பெண்களில் சிலர் பாஸ்புக்கை வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார்கள். "புக்கு இங்கனயே இருக்கட்டும் மேடம். வீட்டுல வச்சா ஆளாளுக்கு எடுத்துப் பாப்பாக" என்று கவுண்டரில் வைத்துவிட்டுப் போவார்கள். என் அறை இரும்பு பீரோவின் மேல் தட்டில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு எப்போதும் இருக்கும். அது விதிமீறல். ஆடிட்டர் பார்த்தால் என் தலை உருளும். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஆனால் நான் செய்தேன், அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. வருத்தமெல்லாம் அதன் பிறகு செய்த காரியத்துக்கு.

அந்தக் கட்டுக்குள் இருந்த ஒரு புத்தகம் சுப்புத்தாயுடையது. தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிகளை அடுக்கிப் பண்டல் போடுகிறவள். புருஷன் மாடசாமி ஆட்டுக்காரர். குடிகாரர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. ஒரே ஒரு குறை, கையில் என்ன வந்தாலும் அது ஆடாக மாறிவிடும். குடியிருந்தது மாமனார் காலத்துக் கூட்டு வீடு. கொழுந்தன் குடும்பத்தோடு வாய்த்தகராறு வரும்போதெல்லாம், "இது எங்க வீடு, எந்திரிச்சுப் போங்க" என்று சொல்லிவிடுவார்களாம். சுப்புத்தாய் ஒருநாள் என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு சொன்னாள்: "எந்திரிச்சுப் போன்னு ஒருத்தரும் சொல்ல முடியாத எடம் ஒண்ணு எம் பேர்ல வேணும் மேடம். ரெண்டு சென்ட்டு போதும். இவியகிட்ட சொன்னா, இந்த வருசம் ஆடு வாங்குவோம், அடுத்த வருசம் எடம் வாங்குவோம்பாக. அடுத்த வருசம் என்னைக்கு வந்திருக்கு?"

வருஷக்கணக்காகச் சேர்த்தாள். இணைப்பு வந்த அந்தப் பங்குனியில் இடமும் அமைந்துவிட்டது. பேசி முடித்து, பத்திரப் பதிவுக்கு ஒரு வெள்ளிக்கிழமையும் குறித்தாயிற்று. பதிவு முடிந்த பிறகு புருஷனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. அவள் குறித்த வெள்ளிக்கு முந்தைய சனி ஞாயிறில்தான் எங்கள் கம்ப்யூட்டர் விவரங்கள் எல்லாம் புதிய வங்கியின் கம்ப்யூட்டருக்கு மாற இருந்தன.

மாற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு கணக்கிலும் போன் நம்பர் இருந்தாக வேண்டும் என்று உத்தரவு. இல்லாத கணக்குகள் பட்டியலில் சிவப்பாக வரும். தினமும் மத்தியானம் ரீஜனல் ஆபீஸிலிருந்து எல்லா மேனேஜர்களையும் ஒரே போனில் பிடித்து வைத்து, ஒவ்வொரு கிளையாகக் கேட்பார்கள். கடைசியில் என் கிளை மட்டும் மிஞ்சியது. "மேடம், உங்க ஒருத்தரால ரீஜன் பேரே கெடுது. ரிட்டயர் ஆகிற நேரத்துல இது தேவையா?" என்றார் ரீஜனல் மேனேஜர். மற்ற மேனேஜர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

சிவப்பில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களிடம் போனே கிடையாது, வீட்டுக்கு ஒன்று, அது ஆண்கள் இடுப்பில் இருக்கும். புருஷன்மார் கணக்கும் நம் கிளையில்தான், அதே கதவு எண், அதில் நம்பர் இருந்தது. ஒரே வீடுதானே என்று அதை எடுத்து இதில் போட்டேன். கிளார்க்கிடம்கூடச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தேன். மாடசாமி நம்பரைச் சுப்புத்தாய் கணக்கில் அடித்ததும் இதே கைதான். முதுகுக்குப் பின்னால் பீரோவில் அந்தக் கட்டு இருந்தது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று இந்த மண்டைக்கு அப்போது உறைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் சிவப்பெல்லாம் பச்சையாகிவிட்டது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி, கேஷியருக்கும் கிளார்க்குக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை புதிய போர்டு மாட்டினோம். வந்தவர்களுக்கெல்லாம் கடலை மிட்டாய் கொடுத்தோம். அன்றைக்கே புதிய வங்கி எல்லா நம்பருக்கும் ஒரு வரவேற்புச் செய்தி அனுப்பியிருக்கிறது, இங்கிலீஷில். உங்கள் பெயர், உங்கள் கணக்கு, உங்கள் இருப்பு, எங்கள் குடும்பத்துக்கு வருக. என்ன குடும்பமோ!

செவ்வாய்க்கிழமை காலையில் மாடசாமி வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நேரே என் மேஜைக்கு வந்து போனை நீட்டினார்.

"மேனேஜரம்மா, இது என்னன்னு பாருங்க. எனக்கு வாசிக்கத் தெரியாது. டீக்கடையில குடுத்து வாசிக்கச் சொன்னேன். சுப்புத்தாய்னு பேரு போட்டிருக்குன்னான். எம்புட்டு ரூவான்னும் வாசிச்சான், சத்தமா. பெஞ்சுல இருந்தவன் பூராம் சிரிச்சான். இது எம் பொண்டாட்டி கணக்கா?"

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என் வாயில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது. 'கம்ப்யூட்டர் மாத்துனதுல குளறுபடி அண்ணாச்சி, இது வேற சுப்புத்தாய்' என்று சொன்னால் போதும், மனுஷன் நம்பிப் போய்விடுவார். சொல்லவும் வாயெடுத்தேன். ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எப்படியும் வெளியே வரும். அப்போது பெண்டாட்டியும் பேங்க்கும் சேர்ந்து ஏமாற்றியதாகிவிடும், நான் தப்பிக்கச் சொன்ன பொய்யும் அவள் கணக்கில்தான் ஏறும். அதற்காக உண்மையைச் சொல்லலாமா? அதுவும் முடியாது. கணக்கு யாருடையது என்பதைப் புருஷனிடம்கூடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"அண்ணாச்சி, உங்க நம்பரை அந்தக் கணக்குல போட்டது நான்தான். போட்டிருக்கக் கூடாது. தப்பு என்னோடது. யார் கணக்கு, எவ்வளவு இருக்கு, இதெல்லாம் நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "சொல்லக் கூடாதுன்னா, அவதாம்னு அர்த்தம்" என்றார். போனை மடியில் செருகிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். "அவ சேத்து வச்சது கூடப் பெருசில்ல மேடம். எனக்குத் தெரியுததுக்கு முன்ன டீக்கடைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கே."

அவர் போன பிறகுதான் பீரோவைத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கட்டுக்குள் சுப்புத்தாய் புத்தகம் மட்டுமா இருக்கிறது? உதவி மையத்துக்குப் போன் போட்டால், நம்பரை எடுக்க ஒவ்வொரு வாடிக்கையாளரும் எழுத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். போடும்போது யாரும் எழுத்தில் கேட்கவில்லை, எடுப்பதற்கு மட்டும் கேட்கிறார்கள். அங்கே போனை எடுத்த பையனைத் திட்டி என்ன பிரயோஜனம்? படிவங்களை எடுத்துக்கொண்டு, கிளையைக் கேஷியர் பொறுப்பில் விட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தீப்பெட்டி ஆபீஸுக்கு நடந்தேன்.

தூக்குவாளியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் பீரோவில் புத்தகம் வைத்திருந்தவர்களை மட்டும் தனியே கூப்பிட்டு, நான் செய்ததைச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரத் தோன்றவில்லை.

"நம்பித்தான மேடம் புக்கக் குடுத்தோம்?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி மட்டும், "எங்க வீட்டுக்காரரு திருப்பூர்ல இருந்து நேத்தே கேட்டாச்சு. பேங்க்காரன் உளறுதான், நீரு சோலியப் பாருமய்யான்னுட்டேன்" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்காமல் ஓரமாக நின்றிருந்த ஒரு சின்னப் பெண், நான் சொல்லி முடிப்பதற்குள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டாள். மறுநாள் வந்து கணக்கை முடித்துக்கொண்டாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு விசாரித்தேன், ஊரில் இல்லை என்றார்கள். அவள் வீட்டில் என்ன நடந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்கு லேசாக இல்லை.

சுப்புத்தாய் கடைசியாக வந்தாள்.

"அவிய வந்தாகளா மேடம்?"

"காலையில வந்தாரு."

"சத்தம் போட்டாகளா?"

"இல்ல."

"போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, படிவத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நான் கிளைக்குத் திரும்பியபோது ரீஜனல் ஆபீஸிலிருந்து மெயில் வந்திருந்தது. போன் நம்பர் சேகரிப்பில் முழு வெற்றி பெற்ற கிளைக்குப் பாராட்டு. என் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழேயே பதில் எழுதினேன்: அத்தனை நம்பரும் வாடிக்கையாளர் கொடுத்தது அல்ல, நான் கேட்காமல் போட்டது, இன்னின்ன கணக்குகள், உடனே எடுக்க வேண்டும். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஓய்வுக்கு முன் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்று நாலு நாள் பயந்து செத்தேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். நம்பர்களை மட்டும் நான் எழுதின அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அதற்குத்தான் எழுதினேன்.

புதன்கிழமை காலையில் சுப்புத்தாய் வேலைக்குப் போகாமல் கிளைக்கு வந்தாள். மாடசாமி முதல்நாள் ராத்திரி சாப்பிடவில்லையாம். விடிந்ததும், ஒரு வார்த்தை பேசாமல், அண்ணனோடு பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கிடை போடுவதற்கு ஆட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். அறுப்பு முடிந்த காட்டில் உரத்துக்காக ஆட்டை அடைத்துப் போடுவதுதான் கிடை. போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும்.

"எடத்துக்காரரு வெள்ளிக்கிழமை விட்டா வேற ஆளுக்குக் குடுத்துருவேங்காரு. அவிய மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாக. பேசாம பணத்த எடுத்து அவிய கையில குடுத்து, எடமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஆடே வாங்குங்கன்னு சொல்லிரட்டுமா? நீங்க சொல்லுங்க மேடம். நீங்க சொல்லுதபடி கேக்கேன்."

வாங்கிப் போடு என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. என் மனசு முழுக்க அந்த இரண்டு சென்ட்டில்தான் இருந்தது. ஆனால் அடக்கிக்கொண்டேன். "நான் சொல்லமாட்டேன் சுப்புத்தாயி. ஒன்னக் கேக்காம ஒன் விசயத்துல ஒரு தடவ நான் முடிவெடுத்தது போதும். ஆனா நான் பண்ணுன தப்புக்கு அவருகிட்ட நேர்ல போய் மன்னிப்புக் கேக்கணும். போகட்டுமா? நீ சரின்னாத்தான் போவேன்" என்றேன்.

"போங்க. ஆனா எடத்தப் பத்தி நீங்க வாயத் திறக்கக் கூடாது. அத நான்தான் சொல்லணும்" என்றாள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். ஒட்டப்பிடாரத்தில் இறங்கி இன்னொரு பஸ். கோட்டையைப் பார்க்க வந்தவர்கள் ஒரு பக்கம் போக, நான் மட்டும் கைப்பையோடு காட்டுக்குள் இறங்கினேன். வெயிலில் வெடித்த கரிசலில் செருப்பு மாட்டி மாட்டி இழுத்தது. ஆட்டுச் சத்தத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன். ஒரு உடைமுள் மரத்து நிழலில் மாடசாமி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்துவிட்டார்.

"என்ன மேடம், இம்புட்டுத் தூரம்? வீட்டுல எதுவும்…"

"வீட்டுல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன். டீக்கடையில ஒங்களத் தலைகுனிய வச்சது நான். நீங்களும் எனக்குக் கணக்குக்காரர்தான். ஒங்களுக்கும் நான் இதைச் செஞ்சிருக்கக் கூடாது."

தோள் துண்டை எடுத்து மரத்தடியில் விரித்தார். நான் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். பிறகு அவராகவே பேசினார்.

"ரெண்டு நாளா ஆட்டு முகத்தப் பாத்துக்கிட்டே யோசிக்கேன். எங்கிட்ட ஏன் மறைச்சான்னு கோவம் வருது. ஏன் மறைச்சான்னு யோசிச்சா, நாந்தான் முன்னால வந்து நிக்கேன். எத்தன வருசமா சேக்கா மேடம்? அத மட்டும் சொல்லுங்க."

"அதையும் நான் சொல்லக் கூடாது அண்ணாச்சி. அவளக் கேளுங்க."

வெடுக்கென்று என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "இந்தா, இப்பத்தான் சரியான பேங்க்காரி மாதிரி பேசுதீங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வருவாரா, மாட்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இடத்தைப் பற்றி உளறிவிடுவேன் என்ற பயம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கிளையைத் திறக்கும்போது சுப்புத்தாய் நின்றாள். தனியாகத்தான் நின்றாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "டிடி எடுக்கணும் மேடம்" என்று இடத்துக்காரர் பெயரைச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். மாடசாமியைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் போன பிறகு அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை, கிளார்க் இரண்டு தடவை வந்து, உடம்பு சரியில்லையா மேடம் என்று கேட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் மறுபடி வந்தாள். இந்த முறை பின்னாலேயே மாடசாமியும் வந்தார். ஆனால் வாசல்படியோடு நின்றுகொண்டார்.

"வியாழக்கிழமை பொழுது சாய வந்தாக மேடம்" என்று சுப்புத்தாய் மெல்லச் சொன்னாள். "ஆட்ட அண்ணன்காரர்கிட்ட விட்டுட்டு வந்திருக்காக. நான்தான் எடத்தப் பத்திச் சொன்னேன், எதுக்கு, எந்த எடம், எல்லாம். கேட்டுக்கிட்டே இருந்தாக. 'நாளைக்கு எத்தன மணிக்குப் போகணும்'னாக. வேற ஒண்ணும் கேக்கல. சாட்சிக்குக் கைநாட்டு வச்சதும் அவியதான். பத்திரம் எழுதுதவரு எம் போன் நம்பர் கேட்டாரு. நான் முழிச்சேன். இவிய என்னைய எந்திரிக்கச் சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போய் இத வாங்கிக் குடுத்தாக." மஞ்சள் பையிலிருந்து ஒரு சின்ன பட்டன் போனை எடுத்துக் காட்டினாள். "இந்த நம்பர எங் கணக்குல போடணும்."

நம்பர் மாற்றும் படிவத்தை எடுத்தேன். "அண்ணாச்சி, உள்ள வந்து உக்காருங்களேன்" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"இருக்கட்டும் மேடம். அவ சோலி முடியட்டும், நான் வெளிய நிக்கேன்" என்றவர், ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, அந்தக் கிளை அடுத்த வருஷமே கோவில்பட்டிக் கிளையோடு சேர்ந்துவிட்டது. அந்தப் பெண்கள் இப்போது ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி உங்களிடம்தான் வருகிறார்கள். அவர்கள் கணக்கில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், காலியாக இருப்பதற்கு அவர்களிடம் ஒரு காரணம் இருக்கும். கேட்டுப் போடுங்கள். இல்லையென்றால் காலியாகவே விடுங்கள். மேலே இருந்து திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், திட்டு வாங்கி யாரும் சாகவில்லை.

சுப்புத்தாய் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் அடித்தேன். முடித்து ஒரு பொத்தானை அழுத்திய கொஞ்ச நேரத்தில் அவள் கையிலிருந்த போன் கிணுகிணுத்தது. இங்கிலீஷில் செய்தி. அவளுக்குக் கூட்டல் கழித்தல் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினாள்.

"என்ன போட்டிருக்குன்னு வாசிங்க மேடம்" என்றாள். "மெதுவா."

மேஜைக்கு மேலே குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்தேன். பதிவு போக மிச்சம் என்ன இருந்தது என்பதை உங்களுக்கும் சொல்லமாட்டேன்.